இயற்பியல் பட்டம்: சேரும் முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி இது: “பி.எஸ்சி. பிசிக்ஸ் எடுத்தா ஸ்கோப் இருக்கா?” இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடையாது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த இருவரில் ஒருவர் பட்டம் முடித்த கையோடு மத்திய அரசு வேலைக்குப் போவார். இன்னொருவர் எம்.எஸ்சி., பி.எட். என்று படித்துக்கொண்டே இருந்து, 25 வயதில்தான் முதல் சம்பளத்தைப் பார்ப்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டம். அதை வைத்து எந்தக் கதவைத் தட்டினார்கள், எப்போது முடிவு செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அதனால் ஸ்கோப்பை விட்டுவிட்டு மூன்று எண்களைக் கேளுங்கள். முதல் முழுச் சம்பளம் வர எத்தனை ஆண்டு? அதுவரை கையிலிருந்து எவ்வளவு போகும்? நினைக்கும் வேலை கேட்கிற மதிப்பெண், துணைப்பாடம், வயது நமக்குப் பொருந்துமா? இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் சேர நினைப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்.

முதல் வேலை: கட்டணத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் கோடு போட்டு, கல்லூரி வாரியாக எழுதுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். விண்ணப்பம் இணையவழியில் ஒற்றைச் சாளரமாக நடக்கிறது. மொழிப் பாடங்களை விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். பெரும்பாலான கல்லூரிகள் இயற்பியலுக்குப் பிளஸ் டூவில் கணிதம் கேட்கும். தாவரவியல், விலங்கியல் எடுத்த ‘ப்யூர் சயின்ஸ்’ மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதவிபெறும் கல்லூரியில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே கட்டடம், அதே பெயர்ப்பலகை. ஆனால் ‘எய்டட்’ பிரிவு ஒன்று, ‘சுயநிதி’ பிரிவு ஒன்று. பல இடங்களில் இரண்டாவது ஷிப்ட் முழுக்கச் சுயநிதிதான். கட்டணம் பல மடங்கு வேறுபடும், கடைசியில் கிடைக்கும் பட்டச் சான்றிதழ் ஒன்றே. ஆகவே “அந்தக் காலேஜ்ல சீட் கிடைச்சிருச்சு” என்றால், எந்தப் பிரிவில் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் மேலே. அங்கே இளநிலை இயற்பியலுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பது பெரும்பாலும் தேவையற்றது என்பது எங்கள் முடிவு. இந்தப் பட்டத்தைப் பொறுத்தவரை பின்னால் வருகிற நுழைவுத் தேர்வுகள்தான் ஆளைப் பிரிக்கின்றன. அந்தத் தேர்வுகள் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதில்லை.

கட்டணத்துக்குக் கீழே விடுதி, பேருந்து, ரெக்கார்டு நோட்டு, ஆய்வக உடை, கால்குலேட்டர், அரியர் விழுந்தால் திரும்பக் கட்டும் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் எழுதுங்கள். விடுதிதான் பெரிய தொகை. வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியும் விடுதியில் தங்க வேண்டிய ‘பெரிய’ கல்லூரியும் கைக்குக் கிடைத்தால், மூன்று ஆண்டு விடுதிச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தப் பணம் எம்.எஸ்சி.க்குத் தேவைப்படும்.

இரண்டாவது: யாரும் எழுதாத செலவு

படிக்கும் காலத்தில் சம்பாதிக்க முடியாமல் போகிற பணமும் செலவுதான். ஊரில் பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் 12,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு அது 4,32,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் கட்டுகிற மொத்தக் கட்டணம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இப்போது பலர் போகிற வழியைப் பாருங்கள். பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2, பி.எட். 2, ஆக மொத்தம் 7 ஆண்டு. அதே 12,000 ரூபாய் கணக்கில் விட்ட வருமானம் மட்டும் 10,08,000 ரூபாய். “பிசிக்ஸ் செலவில்லாத படிப்பு” என்று சொல்கிறவர்கள் முதல் மூன்று ஆண்டை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். இயற்பியலின் உண்மையான விலை இரண்டாம் கட்டத்தில்தான் வரும்.

இது இன்றைய கதை மட்டுமல்ல. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தபோதுதான் பணம் இடித்தது. சேர்க்கைக்குத் தேவைப்பட்ட சுமார் 1,000 ரூபாய்க்காக அவருடைய சகோதரி நகையை அடகு வைத்தார். சி.வி.ராமனும் 1907-ல் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்ததும் போனது ஆய்வகத்துக்கு அல்ல, இந்திய நிதித் துறைக்கு. பெரும்பாலும் கல்கத்தாவில், பத்தாண்டு கணக்குத் துறையில் இருந்துகொண்டே, மற்ற நேரத்தில் ஆய்வு செய்தார். பேராசிரியர் பதவிக்கு வந்தது 1917-ல்.

மூன்றாவது: வரக்கூடிய பணத்தை விடாதீர்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மூன்று ஆண்டில் 36,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் கட்டணத்தைக் கட்டிவிட்டு மிச்சமும் இருக்கும். இங்கே தவறுவது ஒரே இடத்தில்தான்: வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு சரியாக இருக்காது. சேர்ந்த முதல் வாரத்திலேயே பாஸ்புக், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறை உதவித்தொகைகளுக்குக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அவற்றுக்குச் சாதி, வருமானச் சான்றிதழ் கையில் தயாராக இருக்க வேண்டும்.

பிளஸ் டூவில் உங்கள் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருந்தால், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கையில், 20,000 கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு. பொறியியல் படித்தால் இது கிடைக்காது, அடிப்படை அறிவியலுக்கு மட்டும்தான். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை “பிசிக்ஸா?” என்று உதட்டைப் பிதுக்கும் உறவினரிடம் இந்த எண்ணைச் சொல்லலாம்.

கடன் வாங்கலாமா?

இளநிலை இயற்பியலுக்குக் கடன் வாங்கும் நிலை வந்தால், முதலில் கல்லூரியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு இதோ. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 3 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு 4 ஆண்டு, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 2. தனிவட்டியாகவே போட்டாலும் 90,000 ரூபாய். கட்டத் தொடங்கும்போது கடன் 3,90,000. அதை 7 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 6,475 ரூபாய் தவணை. அந்த நேரத்தில் நீங்கள் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு தொடங்கப்போகிறீர்கள், சம்பளம் இல்லை. மேற்படிப்புக்குத் தவணையைத் தள்ளிவைக்க வங்கியிடம் கேட்கலாம். தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி உண்டு.

எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் போல நேரடியாக ஒரு தொழிலுக்குப் போகும் படிப்புக்குக் கடன் வாங்குவது வேறு கதை. அதற்கு நியாயம் இருக்கிறது.

நான்காவது: கதவுகளும் அவற்றின் பூட்டுகளும்

அதிக நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய பகுதி இது. ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பூட்டு இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கடைசி ஆண்டில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது சாவி செய்ய நேரம் இருக்காது.

*மூன்று ஆண்டுப் பட்டத்தோடு.* இந்திய விமான நிலைய ஆணையத்தின் இளநிலை அதிகாரி பணி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, இயற்பியல் பட்டதாரிக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நேரடி வேலை. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்குகிறது. பொறியாளர்களோடு ஒரே வரிசையில் நின்று எழுதலாம். தகுதி: இயற்பியலும் கணிதமும் உள்ள முழுநேர பி.எஸ்சி. இங்கேதான் பூட்டு. உங்கள் மதிப்பெண் பட்டியலில் கணிதம் என்ற தாள் பெயரோடு இருக்க வேண்டும். ‘அலைடு மேத்ஸ்’ இல்லாமல் வேறு துணைப்பாடம் எடுத்தவருக்குக் கதவு மூடிவிடும். தொலைநிலைக் கல்வியில் படித்தவருக்கும் அப்படியே. வயது வரம்பு 27, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தேர்வில் 120 கேள்விகள். பாதி இயற்பியலும் கணிதமும், மீதி ஆங்கிலம், பொது அறிவு, திறனறிவு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதைத் தாண்டினால் குரல் சோதனை, மருத்துவச் சோதனை. நிறங்களைப் பிரித்தறியும் பார்வையில் குறை இருந்தால் தேறுவது கடினம். கண் மருத்துவரிடம் முதல் ஆண்டிலேயே ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு தயாரிப்பில் இறங்குங்கள்.

அடுத்து அணுசக்தித் துறை. பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கம் இந்திரா காந்தி மையம், கூடங்குளத்தை நடத்தும் அணுமின் கழகம் ஆகியவை பி.எஸ்சி. பட்டதாரிகளை ஊக்கத்தொகையோடு பயிற்சிக்கு எடுத்து, பிறகு அறிவியல் உதவியாளர் ஆக்குகின்றன. பயிற்சி முடித்து அமரும்போது அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். பூட்டு: பட்டத்தில் 60 சதவீதம். 59.4 வைத்திருப்பவர் விண்ணப்பத்தையே நிரப்ப முடியாது. வயதிலும் தாராளம் கிடையாது, வரம்பு 25 அளவிலேயே நிற்கும். எம்.எஸ்சி., பி.எட். எல்லாம் முடித்துவிட்டு வந்து பார்த்தால் வயது போயிருக்கும்.

வானிலை ஆய்வுத் துறைக்கு எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் அறிவியல் உதவியாளர் தேர்வு எப்போதாவதுதான் வரும். வந்தால் விடாதீர்கள், ஆனால் அதை நம்பி உட்காரவும் வேண்டாம். வங்கி, எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 ஆகியவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். அரசு வேலைதான் ஒரே குறிக்கோள் என்றால், அதற்கென்று மூன்று ஆண்டு இயற்பியல் படிப்பது சுற்றுவழி.

திருச்சி பக்கம் உள்ளவர்களுக்குத் தெரிந்த ஒரு வேலை உண்டு: என்.டி.டி. உலோகத்தை வெட்டாமல் உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. பாய்லர், குழாய், கப்பல், எண்ணெய்க் கிணறு எல்லாவற்றுக்கும் இது வேண்டும். மீயொலி, கதிர்ப்படம், காந்தத்துகள், ஊடுருவு திரவம் என்று முறைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் நிலைச் சான்றிதழ். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவருக்கு அலை எதிரொலிப்பும் கதிர்வீச்சும் ஏற்கெனவே தெரியும் என்பதால் பாடம் சுலபம். ஆனால் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்தால் வேலை நகராது. அனுபவ மணிநேரத்தைப் பதிவுசெய்து தரும் நிறுவனத்தில் முதல் ஆண்டு குறைந்த சம்பளத்துக்காவது சேர வேண்டும். வளைகுடா வேலைகள் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வரும். “நாலு சர்டிபிகேட் ஒரே வாரத்தில்” என்று விளம்பரம் செய்கிற இடங்களைத் தவிருங்கள்.

மென்பொருள் நிறுவனங்கள் சில பி.எஸ்சி. மாணவர்களைத் தனிப் பிரிவில் எடுக்கின்றன. விப்ரோ போன்றவை வேலையில் வைத்துக்கொண்டே எம்.டெக். படிக்கவும் வைக்கின்றன. இதில் ஒப்பந்தக் காலத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

*பொறியியலுக்குத் தாவ.* பட்டம் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். பட்டத்தில் 45 சதவீதம் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. முதலாண்டுப் பொறியியல் வரைபடமும் இயக்கவியலும் கூடவே எழுதித் தேற வேண்டும். வரைபடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மொத்தம் 6 ஆண்டாகிறது, நேராகப் பி.இ. சேர்ந்திருந்தால் 4. பிளஸ் டூவிலேயே பொறியியல்தான் என்று தெரிந்தவர் இந்த வழியில் வரத் தேவையில்லை.

*ஆசிரியர் பணி.* பி.எஸ்சி., பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் தேர்ச்சி பெற்றால் பட்டதாரி ஆசிரியர் தகுதி. தகுதி என்று சொன்னதைக் கவனியுங்கள். டெட் தேர்ச்சி வேலை அல்ல; அதற்கு மேல் தனிப் போட்டித் தேர்வு உண்டு. முதுநிலை ஆசிரியருக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும், டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் தமிழ்த் தகுதித் தாளிலும் தேற வேண்டும். அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாயில் தொடங்கும். வேலை நிலையானதுதான், ஆனால் அறிவிப்பு எந்த ஆண்டு வரும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் தனியார் பள்ளி அல்லது நீட், ஜே.இ.இ. பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கலாம். நன்றாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிற இயற்பியல் ஆசிரியருக்கு அங்கே எப்போதும் இடம் உண்டு. ஆசிரியராகத்தான் போகப்போகிறேன் என்று 17 வயதிலேயே உறுதியாகத் தெரிந்தால், பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பைப் பாருங்கள். மைசூரில் உள்ள வட்டாரக் கல்வியியல் நிறுவனம் தென் மாநிலங்களுக்கானது. ஓராண்டு மிச்சம்.

*மருத்துவ இயற்பியல்.* புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு மையத்திலும் மருத்துவ இயற்பியலாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர், பக்கத்து உறுப்புக்கு எவ்வளவு போகும் என்று கணக்கிடுபவர் அவர்தான். அண்ணா பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இதற்கான எம்.எஸ்சி. உண்டு. அதன் பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் சான்று. இந்த ஓராண்டுப் பயிற்சி இடத்தைத்தான் மாணவர்கள் கேட்க மறக்கிறார்கள். சேரும் முன் துறைத் தலைவரிடம் இரண்டு கேள்வி: இந்தப் படிப்பு வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? சென்ற ஆண்டு மாணவர்கள் பயிற்சிக்கு எங்கே போனார்கள்?

*ஆராய்ச்சி.* எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு, ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரியில். 60 கேள்வி, 100 மதிப்பெண். எம்.எஸ்சி.க்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அப்போது பிஎச்.டி. செலவுப் பக்கத்தில் இல்லை, ஆண்டுக்கு 4,44,000 ரூபாய் வரவுப் பக்கத்தில் நிற்கிறது. உதவித்தொகை இல்லாமல், கைப்பணம் கட்டி பிஎச்.டி. சேர்வதைப் பற்றி எங்கள் கருத்து சுருக்கமானது: வேண்டாம். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனால் போட்டியில் நிற்பவர்களில் பாதிப் பேர் அதை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே தயாராகுங்கள்.

ஆராய்ச்சிதான் என்று பிளஸ் டூவிலேயே தெரிந்தவர்கள் மூன்றாண்டு பி.எஸ்சி.க்கு முன்பே வேறு வாசலைத் தட்ட வேண்டும். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களான திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்கள், புவனேஸ்வர் நைசர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகத்தின் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. ஆகியவற்றின் நுழைவுத் தேர்வு விண்ணப்பங்கள் பொதுத் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதில்லை. முடிவு வந்த பிறகு தேடினால் கடை சாத்தியிருக்கும்.

வெளிநாடு பற்றி ஒரு பத்தி போதும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், 11,904 யூரோ. அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்.டி.க்குச் சம்பளத்தோடு இடம் தருவார்கள், எம்.எஸ்.க்கு அப்படி எதிர்பார்க்க வேண்டாம். நமது மூன்றாண்டுப் பட்டத்தை எல்லா இடமும் ஏற்பதில்லை என்பதால், பலருக்கு இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவதே வசதி.

ஐந்தாவது: கல்லூரிக்கு நேரில் போய்ப் பாருங்கள்

விளம்பரப் புத்தகத்தை விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போங்கள். நிறமாலைமானி எத்தனை இருக்கிறது, வேலை செய்கிறவை எத்தனை? சோடியம் ஆவி விளக்கு எரிகிறதா? இருட்டறை இருட்டாக இருக்கிறதா, பழைய நாற்காலி அடுக்கும் அறையாகிவிட்டதா? ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்? இரண்டு பேர் என்றால் நல்லது. ஐந்து பேர் என்றால் ஒருவர் செய்வார், ஒருவர் அளவு எழுதுவார், மூன்று பேர் ரெக்கார்டில் காப்பி அடிப்பார்கள். முடிந்தால் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவரிடம் நியூட்டன் வளையங்களை எப்படிச் சரிசெய்து கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். கையால் காட்டினால் அங்கே சோதனை நடக்கிறது. சூத்திரத்தை மட்டும் ஒப்பித்தால் நடக்கவில்லை.

பிறகு அலுவலகத்தில் கேட்க வேண்டியவை. துணைப்பாடம் என்னென்ன, கணிதம் கட்டாயமா? பட்டத்தின் பெயர் வெறும் ‘இயற்பியல்’தானா? ‘பயன்பாட்டு இயற்பியல்’, ‘இயற்பியல் மற்றும் நானோ தொழில்நுட்பம்’ போன்ற அழகான பெயர்களில் ஒரு ஆபத்து இருக்கிறது. டி.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்பில், இந்தப் பட்டம் இயற்பியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால், தேர்வில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். சேரும் முன்பே இணைத்தன்மை அரசாணை நகலைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதையும் இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இடம் உண்டு. அந்தப் பணிக்குக் கேட்கப்படும் கல்வி வரை எல்லாப் படியும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு படி மாறினாலும் போய்விடும். மாநில அரசுப் பணி நோக்கம் என்றால், பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்த பிள்ளையை ‘இங்கிலீஷ் மீடியம் கௌரவம்’ என்று மாற்றிவிடாதீர்கள். ஜாம், நெட், விமான நிலைய ஆணையத் தேர்வு நோக்கம் என்றால் கேள்வித்தாள் தமிழில் வராது. தமிழ் வழியில் படித்துக்கொண்டே கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகினால் போதும். ‘நிலைமத் திருப்புத்திறன்’ புரிந்தவருக்கு ‘மொமன்ட் ஆஃப் இனர்ஷியா’ ஒரு பெயர்தான்.

ஆறாவது: செமஸ்டர் வாரியாக என்ன செய்வது

முதல் ஆண்டு முழுக்கக் கணிதத்தில் செலவழியுங்கள். வெக்டர் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடு, அணிகள், கலப்பெண். இரண்டாம் ஆண்டு மின்காந்தவியலில் தோற்பவர்கள் இயற்பியல் புரியாமல் தோற்பதில்லை, டைவர்ஜென்ஸும் கர்லும் புரியாமல் தோற்கிறார்கள். கூடவே பைத்தான். ஒரு மணிநேரம் வீதம் வாரம் நான்கு நாள், ஆய்வக அளவீடுகளை வரைபடமாக்கவும் பிழை கணக்கிடவும் பயன்படுத்தினால், ஓராண்டில் கைக்கு வந்துவிடும். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனில் பட்டியலிலுள்ள படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பக்கம் இருப்பதை எடுங்கள்.

மூன்றாவது செமஸ்டர் முடிவதற்குள் மேலே சொன்ன கதவுகளில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று முதல் விருப்பம், இன்னொன்று மாற்று. இரண்டின் பழைய அறிவிப்புகளையும் பதிவிறக்கி, வயது, சதவீதம், துணைப்பாடம் மூன்றையும் சிவப்பு மையில் கோடிட்டு மேசைக்கு முன் ஒட்டிவையுங்கள். சதவீதத்தைக் கணக்கிடும்போது ஒரு சிக்கல் வரும்: சில அறிவிப்புகள் மொழித் தாள் உட்பட மொத்தத்தைப் பார்க்கும், சில முதன்மைப் பாடத்தை மட்டும். இரண்டு வகையிலும் 60-ஐத் தாண்டி வைத்திருங்கள். தமிழ்த் தாளையும் ஆங்கிலத் தாளையும் அலட்சியம் செய்தவர்கள்தான் 58-ல் நிற்கிறார்கள்.

நான்காவது செமஸ்டர் விடுமுறைக்கு இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை. விண்ணப்பம் முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிடும், ஆகவே மூன்றாவது செமஸ்டரிலேயே ஒரு பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வையுங்கள். ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிவதும் லாபம்தான், ஐந்தாறு ஆண்டு மிச்சமாகும்.

ஐந்தாவது செமஸ்டர் தொடக்கத்தில் ஜாம் பதிவு. அதே நேரத்தில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான கியூட் முதுநிலைத் தேர்வின் அறிவிப்பையும் கவனியுங்கள். ஆறாவது செமஸ்டரில் தேர்வு, செய்முறை, ஜாம், நேர்காணல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நிலுவைத் தாள் ஒன்றுகூட இல்லாமல் அந்த செமஸ்டருக்குள் நுழைவது அவசியம். சி.ஜி.பி.ஏ.யைச் சதவீதமாக மாற்றும் சான்றிதழைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் இரண்டிலும் பெயர் எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே திருத்துங்கள். வேலை கிடைத்த பிறகு திருத்த ஓடினால் மாதங்கள் போகும்.

யார் சேர வேண்டாம்

கணிதம் பிடிக்காது, ஆனால் ‘அறிவியல் பட்டம்’ வேண்டும் என்பவர். கவுன்சலிங்கில் வேறு எதுவும் கிடைக்காததால் சேருகிறவர், அதுவும் சுயநிதிப் பிரிவில் கடன் வாங்கி. 21 வயதில் வீட்டுக்குச் சம்பளம் கட்டாயம் தேவைப்படுகிறவர், மேலே சொன்ன மூன்றாண்டுக் கதவுகளில் ஒன்றையாவது முதல் ஆண்டிலேயே குறிவைக்கத் தயாராக இல்லையென்றால். இவர்களுக்குப் பாலிடெக்னிக் டிப்ளமோவோ கணினிப் பட்டமோ விரைவில் பலன் தரும்.

சேர்ந்த பிறகு தவறு என்று தெரிந்தால்? முதல் ஆண்டுக்குள் தெரிந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு மாறிவிடுங்கள், ஓராண்டு நட்டத்தோடு போகும். நான்காவது செமஸ்டரில் தெரிந்தால் விட்டுவிடாமல் பட்டத்தை முடியுங்கள்; மீதி ஓராண்டுக்கு ஆகும் செலவு குறைவு, பாதியில் விட்ட பட்டத்துக்கு எந்த அறிவிப்பிலும் இடமில்லை. அந்த ஓராண்டில் வகுப்புக்கு வெளியே உள்ள நேரத்தை இயற்பியலுக்குத் தராமல் வங்கித் தேர்வுக்கோ நிரலாக்கத்துக்கோ திருப்பிவிடுங்கள். எம்.எஸ்சி. விண்ணப்பத்தை மட்டும் வாங்காதீர்கள்.